எச்2 லிட் எடுத்தாச்சு, புத்தகம்தான் மனசில் ஒட்டமாட்டேன் என்கிறது

லிட்_தவிப்பு | வெள்ளி, இரவு 11.42

வணக்கம். நான் ஜேசி (ஜூனியர் காலேஜ்) முதலாண்டு. ஏ லெவலுக்கு எச்2 நிலையில் லிட், அதாவது ஆங்கில இலக்கியம், எடுத்திருக்கிறேன். ஓ லெவல் லிட்டில் ஏ1 வாங்கினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, என் பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. உயர்நிலை மூன்றிலும் நான்கிலும் ஒரு நாவலைத் துண்டு துண்டாக்கி மேற்கோள் அட்டை போட்டு மனப்பாடம் செய்தேன். கேள்வி எப்படி வந்தாலும் ஒரு பீல் பத்தியைத் தட்டிவிடுவேன்: கருத்து, மேற்கோள், விளக்கம், கடைசியில் கேள்வியோடு ஒரு முடிச்சு. அந்த நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே ஒரு தடவைதான் படித்திருக்கிறேன். அதுவும் டிசம்பர் விடுமுறையில், அவசர அவசரமாக.

இப்போது ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகம் நடக்கிறது. போன வாரம் வகுப்பில் பக்கத்து இருக்கைப் பெண் ஒரு வரியைப் படித்துவிட்டு "வாஹ்" என்று மெல்லச் சொல்லிப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நானும் அதே வரியைப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தீம் என்ன என்று கேட்டால் பேராசை, குற்றவுணர்வு, ஆண்மை பற்றிய பேச்சு என்று மூச்சுவிடாமல் பத்து நிமிஷம் பேசுவேன். அந்த "வாஹ்" மட்டும் வரமாட்டேன் என்கிறது.

எங்கள் வீட்டில் தமிழ்தான். ஷேக்ஸ்பியர் காதில் ஏறாததற்கு அது காரணமோ என்றும் தோன்றுகிறது. இன்னும் சில நாளுக்குள் பாடத்தை மாற்றிக்கொள்ளலாம். மாற்றிவிடவா? அப்பா எகனாமிக்ஸ் என்கிறார், வழக்கம்போல.

தெம்பனிஸ்_அக்கா | வெள்ளி, இரவு 11.58

மாற்றாதே தம்பி. ஏ1 வாங்கிவிட்டு "எனக்கு எதுவும் தோன்றவில்லை" என்று ஒத்துக்கொள்கிறவனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். என் பெரியவளும் இதே கேஸ். விவரமாக நாளைக்கு எழுதுகிறேன், காலையில் டியூட்டி.

ஓய்வு_வாத்தியார் | சனி, காலை 7.15

லிட் கற்றுக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். பீல் பத்தியைக் கேலி செய்யமாட்டேன், நானும் அதைக் கரும்பலகையில் எழுதியவன்தான். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் கட்டுரை எழுதக் கற்றுத்தர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது படித்து முடித்தபின் போடும் சட்டை. படிப்பதற்கே அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வேர்க்கும்.

தம்பி, ஒரு காரியம் செய்யுங்கள். முழு நாடகத்தை மூடி வையுங்கள். இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி மட்டும். ராஜாவைக் கொன்றுவிட்டு மக்பெத் இறங்கி வருகிறான். மனைவி இருட்டில் காத்திருக்கிறாள். அவர்கள் பேசுவதைப் பாருங்கள், தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"எப்போது?"
"இப்போது."
"நான் இறங்கி வரும்போதா?"
"ஆமாம்."

அத்தனை நேரம் பக்கம் பக்கமாகப் பேசிய இரண்டு பேர், இப்போது ஒற்றைச் சொல்லில் பேசுகிறார்கள். அச்சில் பார்த்தால் அந்தச் சொற்கள் படிக்கட்டு மாதிரி ஒன்றுக்குக் கீழ் ஒன்று தள்ளித் தள்ளி நிற்கும். இரண்டு பேருடைய துண்டுகளும் சேர்ந்துதான் ஒரு அடி நிறைகிறது என்பதற்கு அடையாளம் அது. மூச்சு வாங்கும் இடம். இதைக் கண்ணால் படித்தால் காலி இடமாகத்தான் தெரியும். வாயால், இன்னொரு ஆளோடு, சத்தத்தை அடக்கிச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. அவன் கையில் குத்துவாள்கள் இருக்கின்றன. அவற்றைக் காவலாளிகள் பக்கத்தில் விட்டுவிட்டு வருவதுதான் திட்டம். மறந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அவள் அதைப் பற்றிக் கேட்பது முப்பது வரிகளுக்கு மேல் போனபிறகு. படிக்கிறவனுக்கு அப்போதுதான் தெரியும். அரங்கில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அவன் மேடைக்கு வந்த நிமிஷமே தெரிந்திருக்கும். அந்த முப்பது வரியும் அவன் எப்படித் தவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்!

அதற்கப்புறம் கதவு தட்டும் சத்தம். தாமஸ் டி குவின்சி என்பவர் 1823-ல் அந்தச் சத்தத்தைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதினார். சிறுவயதிலிருந்தே அந்த இடம் தன்னை ஏதோ செய்தது, ஏன் என்று விளங்கவில்லை என்றுதான் ஆரம்பிக்கிறார். பல வருஷம் கழித்துத்தான் அவருக்குப் பதில் கிடைக்கிறது: கொலை நடந்த வேளையில் சாதாரண உலகம் நின்றுபோயிருந்தது, தட்டும் சத்தத்தோடு அது மறுபடி ஓடத் தொடங்குகிறது, நடுவில் நடந்த பயங்கரம் அப்போதுதான் நமக்கு உறைக்கிறது என்று. அவருக்கே அத்தனை காலம். உங்களுக்கு ஒரு வாரத்தில் வர வேண்டும் என்று யார் சொன்னது?

கேள்விக்குறி | சனி, காலை 10.04

எல்லாம் சரி. அடிப்படையை யாரும் தொடவில்லையே. சிங்கப்பூரில் பிறந்த தமிழ்ப் பிள்ளை நானூறு வருஷத்துக்கு முந்தைய ஸ்காட்லாந்து ராஜா கதைக்கு ஏன் "வாஹ்" சொல்ல வேண்டும்? சொல்லாவிட்டால் அது ஒரு நோயா? வெள்ளைக்காரர்கள் இங்கே பள்ளிக்கூடம் வைத்தபோது திணித்தது, நாம் இன்னும் சுமக்கிறோம். குறுந்தொகையில் ஒரு பாட்டுத் தெரியாத பிள்ளை மக்பெத்துக்கு ஏங்குகிறது. எச்2-வில் தமிழ் மொழியும் இலக்கியமும் இருக்கிறதே, அதை எடுத்திருக்கலாம்.

எப்போதும்_லேட் | சனி, மதியம் 1.31

தேசிய சேவை முடித்துவிட்டு இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். கேள்விக்குறி அண்ணா, குறுந்தொகை தெரிந்ததால்தான் நான் அன்சீன் கவிதையில் (முன்பின் பார்க்காத கவிதையைத் தேர்வில் கொடுத்துக் கேட்பது) தப்பித்தேன், தெரியுமா?

உயர்நிலையில் தமிழாசிரியை ஒருநாள் குறுந்தொகை 25 நடத்தினார், கபிலர் பாட்டு. அவன் என்னோடு கூடியபோது சாட்சி யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தலைவி புலம்புகிறாள். அப்புறம் நினைவு வந்தவளாக, ஒரு கொக்கும் இருந்தது என்கிறாள். தினைத் தாள் மாதிரி மெல்லிய கால் உள்ள கொக்கு. ஆசிரியை கேட்டார்: அந்தக் கொக்கு என்ன செய்துகொண்டிருந்தது? ஓடும் தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியானால் அது இவர்களைப் பார்த்ததா? வகுப்பே அமைதியாகிவிட்டது. ஒரே ஒரு சாட்சி, அதுவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த சாட்சி. அது பார்த்திருந்தாலும் வாய் திறந்து சொல்லப்போவதில்லை. இரையைக் குறிவைத்து நிற்கிறதே, அது அவனையும் சொல்கிறதோ என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள். இதையெல்லாம் கவிஞர் எங்கேயும் சொல்லவில்லை. கொக்கை மட்டும் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

அந்த வருஷம் ஆங்கிலத்தில் அன்சீன் கவிதைத் தாளைக் கையில் வாங்கியதும் நான் தேடியது கொக்கைத்தான். இந்தக் கவிதையில் தேவையில்லாமல் வந்து நிற்கும் பொருள் எது? அது எந்தப் பக்கம் பார்க்கிறது? பெரும்பாலும் வேலை செய்தது.

லிட்_தவிப்பு தம்பிக்கு: வீட்டில் தமிழ் பேசுவது பாதகம் என்று நினைக்காதே. மக்பெத்தின் முதல் காட்சியில் சூனியக்காரிகள் "ஃபேர் இஸ் ஃபவுல் அண்ட் ஃபவுல் இஸ் ஃபேர்" என்று பாடிவிட்டுப் போகிறார்கள். நல்லதே கெட்டது, கெட்டதே நல்லது என்கிற மாதிரி. மூன்றாம் காட்சியில் மக்பெத் முதல் தடவையாக வாயைத் திறக்கிறான், "ஸோ ஃபவுல் அண்ட் ஃபேர் எ டே" என்று. இன்னும் அவர்களை அவன் சந்திக்கவே இல்லை! அவன் கேட்டிராத சொல் அவன் வாயில் எப்படி வந்தது? எதுகை மோனை பார்த்துப் பழகிய காது இதை உடனே பிடிக்கும். நான் பிடித்தேன். என் வகுப்பில் வேறு யாரும் பிடிக்கவில்லை, அந்தச் சின்னப் பெருமை இன்னும் இருக்கிறது.

தெம்பனிஸ்_அக்கா | சனி, மாலை 6.20

டியூட்டி முடிந்து வந்துவிட்டேன். கொக்கு விஷயம் அருமை தம்பி.

என் பெரியவள் கதை: அவளுக்கு ரஷ்ய நாவல் ஒன்று வாங்கினோம், குற்றமும் தண்டனையும். முப்பது பக்கத்தில் தூக்கிப் போட்டுவிட்டாள். ஒரே ஆளுக்கு மூன்று பெயர், யார் யாரென்றே தெரியவில்லை என்று ஒரே புலம்பல். அவள் அப்பாதான் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ரோதியோன் ரொமானோவிச் ரஸ்கோல்னிகவ். நடுப்பெயர் என்னவென்றால் ரொமானின் மகன். அவன் தங்கை அவ்தோத்யா ரொமானோவ்னா, ரொமானின் மகள். "உன் ஐசி அட்டையை எடுத்துப் பார், அதில் என் பெயருக்கு முன்னால் என்ன போட்டிருக்கிறது?" என்றார். டி/ஓ, அதாவது இன்னாரின் மகள்! அவ்வளவுதான், அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் அம்மா கூப்பிடுவது ரோத்யா, தங்கை தூன்யா. நம் வீட்டில் பத்மாவதி பப்பி ஆவதில்லையா? மரியாதையாகக் கூப்பிடும்போது ரஷ்யர்கள் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆக, யார் எந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பார்த்தாலே உறவு எவ்வளவு தூரம் என்று தெரியும். அதற்கப்புறம் பெயர்கள் அவளுக்குத் தொல்லையாக இல்லை, துப்பு ஆகிவிட்டன.

சுருக்கம் படிக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். படிக்கலாம். சார்லஸ் லாமும் அவர் அக்கா மேரியும் 1807-லேயே ஷேக்ஸ்பியரைச் சிறுவர்களுக்குக் கதையாகச் சுருக்கி எழுதியிருக்கிறார்கள், மக்பெத்தும் அதில் உண்டு. கதை தெரிந்துகொண்டு போனால் நாடகத்தில் வழி தவறாது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் "இந்தக் காட்சியின் முக்கியத்துவம்" வகையறா இருக்கிறதே, அதை முதலில் படித்தால் போச்சு. வேறொருவர் மென்று கொடுத்த வெற்றிலை.

கேள்விக்குறி | சனி, இரவு 8.45

கொக்கு பற்றிச் சொன்னது பிடித்தது. ஆனால் அது என் கட்சியைத்தான் பலப்படுத்துகிறது. கருவி நம்மிடம் இருக்கிறது, அதை அவர்கள் சரக்கின் மேல் ஏன் வீணாக்க வேண்டும்? நம்முடையது வேறு, அவர்களுடையது வேறு.

ஓய்வு_வாத்தியார் | சனி, இரவு 9.30

வேறா? விழாவுக்கு விழா எழுந்து நின்று "நீராருங் கடலுடுத்த" பாடுகிறோமே, அது எங்கிருந்து வந்தது? சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம், 1891. அந்த நாடகத்தின் கதை லிட்டன் பிரபு எழுதிய 'ரகசிய வழி' என்ற ஆங்கிலக் கதைக் கவிதையைத் தழுவியது. சுந்தரம் பிள்ளையே அதை மறைக்கவில்லை.

அந்த லிட்டன் யார் என்றால், டிக்கன்ஸின் நண்பர். டிக்கன்ஸ் 1861-ல் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' தொடரை முடிக்கும்போது, கதாநாயகன் பிப்பும் எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் தற்செயலாகச் சந்தித்து, இரண்டு வார்த்தை பேசிப் பிரிவதாக எழுதியிருந்தார். அச்சுக்கு முன் அதைப் படித்த லிட்டன், வேண்டாம், மாற்றுங்கள் என்றார். டிக்கன்ஸ் மாற்றினார். இப்போது நாம் படிப்பது, இடிந்த வீட்டுத் தோட்டத்தில் இருவரும் கைகோத்து வெளியே வரும் முடிவு. பழைய முடிவு டிக்கன்ஸ் இறந்தபிறகு அவர் வாழ்க்கை வரலாற்றில்தான் வெளிவந்தது.

மாற்றியதிலும் டிக்கன்ஸ் தன் குசும்பை விடவில்லை. இனி பிரிவே இல்லை என்று பிப் சொல்லவில்லை. இன்னொரு பிரிவின் நிழல் எதையும் தான் காணவில்லை என்கிறான். நாவல் முழுக்க எதையும் சரியாகக் கண்டுகொள்ளாத ஆள் அவன். தனக்குப் பணம் அனுப்புகிறவர் யார் என்பதையே தப்பாக நினைத்தவன். அவன் காணவில்லை என்றால் நிழல் இல்லை என்று அர்த்தமா? என் வகுப்பில் ஒரு வருஷம் இந்த ஒரு வாக்கியத்துக்காக இரண்டு பாடவேளை சண்டை நடந்தது. பாடத்திட்டம் பின்தங்கிப் போனது, துறைத் தலைவரிடம் திட்டு வாங்கினேன்.

கப்பல்_அங்கிள் | ஞாயிறு, காலை 6.50

நான் படிச்சவன் இல்லை. முப்பது வருஷம் துறைமுகத்தில் வேலை பார்த்தவன். ஸ்காட்லாந்து கதை நமக்கெதற்கு என்று கேட்டீர்கள், சரி. நம் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன்.

1880-ல் 'ஜெட்டா' என்ற கப்பல் இங்கேயிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. சுமார் 950 பேர். முதலாளி இங்குள்ள அரபுக் குடும்பம், கேப்டன் வெள்ளைக்காரர். ஏடன் பக்கம் போகும்போது புயலில் தண்ணீர் ஏறியது. கேப்டனும் அதிகாரிகளும் உயிர்காப்புப் படகில் இறங்கித் தப்பிவிட்டார்கள், பயணிகளை அப்படியே விட்டுவிட்டு. வேறொரு கப்பல் அவர்களைத் தூக்கி ஏடனில் இறக்கியது. ஜெட்டா மூழ்கிவிட்டது, எல்லோரும் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். மறுநாள் பார்த்தால் ஜெட்டா வந்து நிற்கிறது! பயணிகளே தண்ணீரை இறைத்து இறைத்து மிதக்க வைத்திருந்தார்கள், வழியில் இன்னொரு கப்பல் கட்டி இழுத்து வந்தது.

அந்தக் கப்பலின் முதல் மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) வில்லியம்ஸ் அப்புறம் சிங்கப்பூருக்கே வந்து, கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையில் வேலை பார்த்தான். 1916-ல் இங்கேயே செத்தான். புதைத்தது பிடாடாரியில். கல்லறைகளையெல்லாம் எடுத்துவிட்டு இப்போது வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகள் கட்டியிருக்கிறார்களே, அதே இடம்.

ஜோசப் கான்ராட் என்ற கப்பல்காரர் 1887-ல் சிங்கப்பூரிலிருந்து ஓடிய 'விடார்' என்ற நீராவிக் கப்பலில் மேட். இந்தக் கதை அவர் காதிலும் விழுந்தது. 1900-ல் 'லார்ட் ஜிம்' நாவலாக எழுதினார். கான்ராடுக்குப் பிறந்த மொழி போலிஷ், அப்புறம் பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றாவது. இருபது வயதுக்கு மேல்தான் கப்பலில் ஆங்கிலம் பழகினார். வீட்டில் தமிழ் பேசுகிறேன் என்று கவலைப்படுகிற தம்பி இதைக் கவனிக்கவும்.

நான் இந்தப் புத்தகத்தை பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். ஒரு வருஷம் பிடித்தது, அகராதி வைத்துக்கொண்டு. முன்னால் வைத்திருந்த மாணவர் யாரோ ஓரத்தில் பென்சிலால் "இவன் ஏன் குதித்தான்???" என்று மூன்று கேள்விக்குறி போட்டிருந்தார். நூறு பக்கம் தள்ளி மறுபடியும் அதே கேள்வி, இந்தத் தடவை ஒரே கேள்விக்குறி. புத்தகத்தைவிட அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

கேள்விக்குறி | ஞாயிறு, காலை 9.12

அங்கிள், இதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டேன். பிடாடாரிக்குப் பக்கத்தில்தான் என் மாமா வீடு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கப்பலைக் காப்பாற்றியது பயணிகள். நாவல் யாரைப் பற்றி? குதித்து ஓடிய வெள்ளைக்காரனின் மனசாட்சியைப் பற்றி. அந்த 950 பேர் என்ன நினைத்தார்கள், எப்படி இறைத்தார்கள், அதற்கு எத்தனை பக்கம்?

கப்பல்_அங்கிள் | ஞாயிறு, காலை 11.40

அதற்குப் பக்கம் இல்லை. நீங்கள் கேட்பது நியாயம். நாவலில் 800 யாத்திரிகர்கள், கப்பல் பெயர் 'பாட்னா'. தூங்குகிறார்கள், தண்ணீர் கேட்கிறார்கள், அவ்வளவுதான். தண்ணீர் இறைத்தது அதில் வரவே இல்லை, கான்ராட் அதை எடுத்துவிட்டார்.

ஆனால் ஒரு இடம் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் குதித்தபிறகும் சுக்கானைப் பிடித்தபடியே நின்ற இரண்டு மலாய்க்காரர்கள். விசாரணையில் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், அப்போது என்ன நினைத்தாய் என்று. ஒருவன், எதுவும் நினைக்கவில்லை என்கிறான். வயதானவன் சொல்கிறான்: சாவுக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, இப்போதும் நம்பவில்லை, ஏதாவது ரகசியக் காரணம் இருந்திருக்கும் என்று. நான் சுக்கான் பிடித்த ஆட்களோடு வேலை பார்த்தவன். கிழவன் நிஜமாக நம்பித்தான் சொல்கிறானா, நக்கல் செய்கிறானா? எனக்கு இன்றுவரை தெரியாது. கான்ராடும் சொல்லவில்லை.

எப்போதும்_லேட் | ஞாயிறு, மதியம் 12.05

அங்கிள், அதுதான் கொக்கு!

கேள்விக்குறி | ஞாயிறு, மதியம் 12.30

சரி சரி. படித்துவிட்டுத் திட்டுகிறேன். படிக்காமல் திட்டியது தப்புதான். ஆனால் திட்டுவேன்.

ஓய்வு_வாத்தியார் | ஞாயிறு, மதியம் 2.10

தாராளமாக. 1975-ல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே, கான்ராடின் இன்னொரு கதையை எடுத்துக்கொண்டு, ஆப்பிரிக்கர்களை இந்த ஆள் மனிதராகவே காட்டவில்லை என்று ஒரு சொற்பொழிவில் வெளுத்து வாங்கினார். வரிக்கு வரி படித்துவிட்டுத்தான் திட்டினார். அவருடைய முதல் நாவலின் தலைப்பே யேட்ஸ் கவிதையிலிருந்து எடுத்தது. மாணவர் கட்டுரையில் அச்செபேயை மேற்கோள் காட்டினால் மார்க் உண்டு. கிழட்டு மாலுமியை நீங்களே கண்டுபிடித்து எழுதினால் அதைவிட உண்டு.

லிட்_தவிப்பு | ஞாயிறு, இரவு 10.18

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

இன்று சாயங்காலம் வாத்தியார் சொன்னதைச் செய்தேன். இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. அக்கா லேடி மக்பெத், நான் மக்பெத். சமையலறையில்தான் நின்றோம், ஹாலில் அப்பா பந்து பார்த்துக்கொண்டிருந்தார். குத்துவாளுக்கு இரண்டு தோசைக்கரண்டி. முதல் தடவை சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் தடவை அந்த "எப்போது, இப்போது" இடத்தில் அக்கா என்னைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்குக் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது மாதிரி இருந்தது.

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இந்த நாடகம் தெரியாது, அந்த ஆங்கிலமும் புரியாது. "கொலை பண்ணிட்டு வர்றான்மா" என்று மட்டும் அக்கா சொல்லியிருந்தாள். நாங்கள் பாதியில் இருக்கும்போதே அம்மா கேட்டார்: "அவன் ஏன்டா கத்தியைக் கையிலேயே வெச்சிருக்கான்? அவ பார்க்கலையா?"

லேடி மக்பெத் அதைக் கேட்க இன்னும் பன்னிரண்டு வரி இருந்தது. எண்ணிப் பார்த்தேன்.

பாடத்தை மாற்றவில்லை. அப்பாவிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும். அங்கிள், தேசிய நூலகத்தில் லார்ட் ஜிம்முக்கு முன்பதிவு போட்டுவிட்டேன். கட்டுரைக்கு இல்லை, சும்மாதான்.

கப்பல்_அங்கிள் | திங்கள், காலை 5.55

முதல் நாலு அத்தியாயத்தில் வெறுத்துப்போய் மூடிவிடாதே தம்பி. அஞ்சாவதில் மார்லோ என்று ஒரு ஆள் பேச ஆரம்பிப்பான், சாப்பாட்டுக்கு அப்புறம் சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு. நிறுத்தவே மாட்டான். அவனோடு போய்க்கொண்டே இரு. அம்மாவை ஹெல்ப்புக்கு வைத்துக்கொள்.